கம்பி போட்ட பற்களைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பற்களுக்குக் கம்பி போட்டிருப்பதாக நீ சொன்னதிலிருந்து எனக்கு ஒரே யோசனைதான். பல்வரிசையைச் சீராக்குவதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். ஆனால், கம்பி இருக்கும் காலம் முழுவதும் எனாமலை, அதாவது பல்லின் கெட்டியான மேற்பூச்சைக், காப்பாற்றுவது உன் கையில்தான் இருக்கிறது.

கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டியிருக்கும் சின்னத் துண்டான பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள குறுகிய இடத்தைக் கண்ணாடியில் உற்றுப் பார். அவசரமாகத் தேய்த்தால் பிரஷ் பிராக்கெட்டின் மேலேயே ஓடிவிடும். அந்த இடுக்கில் வெண்படலம் அப்படியே தங்கிவிடும். நாம் உண்ணும் இனிப்பையும் மாவுப்பொருளையும் அதிலுள்ள கிருமிகள் அமிலமாக மாற்ற, அந்த அமிலம் எனாமலின் தாதுக்களைக் கரைத்துச் சுண்ணாம்பு நிறத் தழும்பை உண்டாக்கும். கவனிக்காமல் விட்டால் 4 வாரங்களுக்குள்ளேயே இது தென்படலாம். கம்பியைக் கழற்றிய பிறகு, பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும்; அது நாளடைவில் ஓரளவு மங்குமே தவிர, பெரும்பாலும் முழுவதும் மறையாது.

ஆகவே, பிரஷை ஈறை நோக்கிச் சாய்த்துப் பிராக்கெட்டின் மேற்பக்கத்தை முதலில் தேய். பிறகு கீழிருந்து மேல்நோக்கிச் சாய்த்து அதன் அடிப்பக்கத்தைத் தேய். கம்பிக்கு அடியில் பிரஷ் நுழையாது. பல் இடுக்குக்கென்று விற்கும் சின்ன பிரஷை ஒவ்வொரு இடைவெளியிலும் விட்டு முன்னும் பின்னும் அசைத்தால், அங்கே இவ்வளவு உணவுத் துணுக்கா என்று நீயே வியப்பாய். எனாமலை வலுப்படுத்தும் ஃபுளோரைடு கலந்த பற்பசையைப் பயன்படுத்து. தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், உடனே தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் கழுவப்பட்டுப் போய்விடும். அமிலத்தைக் கழுவிவிடும் உமிழ்நீர் தூக்கத்தில் குறைந்துவிடுவதால், எவ்வளவு களைப்பாக இருந்தாலும் இரவில் தேய்க்காமல் படுக்காதே. இதில் நான் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஈறில் இரத்தம் கசிந்தால் பயந்துபோய் அந்தப் பக்கத்தை விட்டுவிடாதே. படலம் தங்கி ஈறு வீங்குவதால்தான் பெரும்பாலும் இரத்தம் கசிகிறது. மென்மையான பிரஷால் பொறுமையாகச் சுத்தம் செய்துவந்தால் சில நாட்களில் குறையும். குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டு. வாய் கொப்பளிக்கும் மருந்து நல்லதுதான். ஆனால், அது பிரஷுக்கு ஈடாகாது.

கம்பியை முடுக்க அடுத்த முறை போகும்போது, எந்தெந்தப் பல்லில் படலம் தங்குகிறது என்று காட்டச் சொல்லிக் கேள். இடுக்கு பிரஷில் உனக்குப் பொருந்தும் அளவையும் அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்.

அன்புடன்,
அம்மா