கிளைம் பிரிவில் சேரும் மகளுக்கு

பட்டர்வொர்த்

கண்ணு,

திங்கட்கிழமை கோலாலம்பூரில் காடிக் காப்புறுதி கிளைம் பிரிவில் சேரப் போகிறாய். பரீட்சைக்கு வேண்டியதை நீயே படித்துக்கொள்வாய். ஃபைல் கைக்கு வந்ததும் என்ன பார்க்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பாலிசியை முதலில் திற. விபத்துத் தேதி பாலிசிக் காலத்துக்குள் வருகிறதா, ஓட்டியவரின் லைசென்ஸ் அன்றைக்குச் செல்லுமா, சொந்த உபயோகக் காடியில் காசுக்கு ஆள் ஏற்றினார்களா என்று பார். 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் கொடுக்க வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். தாமதமென்றால் காரணம் கேள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர் எப்படி நிலையத்துக்குப் போவார்?

போலீஸ் ரிப்போர்ட்டை நிதானமாகப் படி. நம் பெரியவர்கள் தமிழும் மலாயும் கலந்து சொல்வதைக் கேட்டுப் போலீஸ்காரர் மலாயில் தட்டச்சு செய்கிறார். ‘மெலாங்கார்’ என்றால் இவர் மோதினார். ‘டிலாங்கார்’ என்றால் இவர்மேல் மோதினார்கள். முன்னால் ஓர் அசை மாறினால் தவறு செய்தவரே மாறிவிடுவார். பின்பக்கம் நொறுங்கிய காடிக்காரரின் ரிப்போர்ட்டில் ‘மெலாங்கார்’ என்று இருந்தால் உடனே பொய் என்று முடிவு கட்டாதே. போன் போட்டு, “ஐயா, என்ன நடந்துச்சுன்னு மொதல்ல இருந்து சொல்லுங்க” என்று தமிழிலேயே கேள். எழுத்தில் வந்த பிழைதான் என்றால், பழைய புகாரின் எண்ணைக் குறிப்பிட்டு இன்னொரு புகார் கொடுக்கச் சொல்.

அப்புறம் சேதத்தைப் பார். இரண்டு காடிகளிலும் அடிபட்ட இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து ஒப்பிடு. அவசர பிரேக்கில் முன்பக்கம் தாழும், அதற்குக் கொஞ்சம் இடம் கொடு. கீறலில் ஒட்டிய பெயிண்ட் எதிர்க் காடியின் நிறமா? உடைந்த விளிம்பில் துரு ஏறி, மடிப்பில் அழுக்குப் படிந்திருந்தால் அது பழைய அடி. பழையதைப் பட்டறைக்காரர் சேர்த்து எழுதியிருக்கலாம். எது பழையது, எது புதியது என்று சேதத்தை மதிப்பிடும் அட்ஜஸ்டரிடம் பிரித்து எழுதி வாங்கு. பழைய கீறல் ஒன்றுக்காகப் புது அடிக்கு வர வேண்டிய பணம் நிற்கக் கூடாது.

என்.சி.டி., அதாவது கிளைம் இல்லாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் கழிவு பற்றி, வாடிக்கையாளர் கேட்காமலேயே சொல்லிவிடு. சொந்தக் காடிக்கு அது 25, 30, 38.33, 45, 55 விழுக்காடு என்று ஏறும். தன் சேதத்துக்குத் தானே கிளைம் செய்தால் பூஜ்யத்துக்கு இறங்கும். கழிவுக்கு முன் பிரீமியம் 2,000 ரிங்கிட் என்றால் 55 விழுக்காட்டுக்காரர் 900 கட்டுகிறார். 700 ரிங்கிட் பம்பருக்குக் கிளைம் போட்டால் அடுத்த ஆண்டே 1,100 கூடுதலாகக் கட்டுவார். பினாங்குப் பாலத்தில் நின்றிருந்த காடியைப் பின்னால் வந்தவர் இடித்தார், இரண்டுக்கும் முழுக் காப்புறுதி உண்டு என்றால், ‘நாக் ஃபார் நாக்’ முறையில் தன் நிறுவனத்திடமே கேட்கலாம். தவறு தன்மீது இல்லையென்றால் என்.சி.டி. குறையாது. காடி பட்டறையில் கிடந்த நாட்களுக்கான இழப்பீட்டை எதிர்த்தரப்பு நிறுவனத்திடம் கேட்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

சண்டை அதிகம் வருவது பெட்டர்மென்ட்டில். ஐந்து வயதுக் காடிக்குப் புது சாமான் போட்டால் விலையில் 15 விழுக்காட்டை உரிமையாளர் கட்ட வேண்டும். ஆண்டுக்கு ஐந்து ஐந்தாக ஏறிப் பத்து வயதுக்கு 40. ஏழு வயதுக் காடிக்கு 1,000 ரிங்கிட் விளக்கு போட்டால் 250 அவருடையது. இந்தக் கணக்கை வேலை தொடங்கும் முன்பே சொல். வண்டியை எடுக்க வந்த இடத்தில் கேள்விப்பட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

வெள்ளச் சேதம் சாதாரண முழுக் காப்புறுதியில் அடங்காது, தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். 2017 நவம்பரில் பினாங்கிலும் 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் எத்தனை காடிகள் மூழ்கின! அப்படி ஒரு போன் வந்தால், “இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்பதை முதலில் சொல். காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெரிய, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக்கோட்டைப் படம் எடுக்கச் சொல்.

மறுத்தே ஆக வேண்டிய கிளைமும் வரும். கடிதத்தில் எந்த விதி, எந்த ஆதாரம் என்று எழுது. ‘பாலிசி விதிகளின்படி’ என்று மொட்டையாக முடிக்காதே. 2025 ஜனவரி முதல் எஃப்.எம்.ஓ.எஸ். என்ற குறைதீர்ப்புச் சேவை இருக்கிறது. இறுதி முடிவு கிடைத்த ஆறு மாதத்துக்குள் அங்கே முறையிடலாம் என்ற வரியும் கடிதத்தில் இருக்கட்டும்.

அம்மா முறுக்கு அனுப்பியிருக்கிறாள். அதே பெட்டியில் அளவு டேப் ஒன்று வைத்திருக்கிறேன், பட்டறைக்குப் போகும்போது எடுத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா