சென் ஜோன்ஸில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

வேலையிடத்தில் எல்லோரும் நியூபவுண்லாந்து ரெஜிமென்ட் பற்றியே கதைக்கிறார்கள், அது என்ன அணி என்று கேட்டிருந்தாய். 2025இல் நியூ பிரன்சுவிக்கின் பாதர்ஸ்டிலிருந்து அங்கே வந்த கியூபெக் ஜூனியர் லீக் ஐஸ் ஹொக்கி அணி அது. ஆனால் இதே லீக்கின் அணி ஒன்று அந்த ஊரில் முதலும் இருந்தது. உன் வயதுப் பிள்ளைகளுக்கு அது ஞாபகம் இருக்காது, அதனால் எழுதுகிறேன்.

பெயர் ஃபொக் டெவில்ஸ். 1991இலிருந்து சென் ஜோன்ஸில் விளையாடிய தன் தொழில்முறைத் துணை அணியை, பெரிய லீக்கான என்எச்எல்லில் ஆடும் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் 2005இல் திரும்ப எடுத்துக்கொண்டது. மைல் வன் அரங்கு கட்டி அப்போது நாலு வருடம்தான், சும்மா பூட்டி வைக்க முடியுமா? அந்த வருடமே 16 முதல் 20 வயதுப் பெடியன்களின் அணி ஒன்றை இறக்கினார்கள்.

மூன்று சீசன், அவ்வளவுதான். மற்ற அணிகள் பஸ்ஸில் ஏறி இரவோடிரவாக அடுத்த ஊருக்குப் போய்விடும், நியூபவுண்லாந்து தீவில் இருந்த இவர்களுக்கோ ஆகக் கிட்ட இருந்த கேப் பிரெட்டன் அணியோடு விளையாடவே கடல் தாண்ட வேண்டும், அந்தச் செலவை யார் தாங்குவது? அதோடு, தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பழகிய ஊர் பள்ளிக்கூடப் பெடியன்களுக்கு டிக்கட் எடுக்கத் தயங்கியது. 2008இல் அணியை விற்றார்கள், அது மொன்றியல் ஜூனியர் என்ற பெயரில் இங்கே மொன்றியலில் எங்கள் வெர்டனுக்கு வந்தது. பிறகு என்எச்எல் நட்சத்திரமான பாட் லஃபொன்டேன் 1982-83 சீசனில் 104 கோல் அடித்த ஜூனியர் அணி இருந்த அதே வெர்டன்! இங்கேயும் மூன்று வருடம்தான் நின்றது. 2011இல் மொன்றியலுக்கு வடக்கே புவாபிரியான் பக்கம் போய் அர்மாடா என்ற அணி ஆகிவிட்டது.

எனக்கு மனம் போவது அந்தப் பெடியன்களிடம்தான். தாய் தகப்பனை விட்டு வந்து, முன்பின் தெரியாத குடும்பங்களின் வீட்டில் தங்கி, படிப்பையும் பார்த்துக்கொண்டு விளையாடுகிற வயது அது, அந்த நேரத்தில் அணியே ஊர் மாறினால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? ஜேக் அலன் 17 வயதில் ஃபொக் டெவில்ஸின் கோலியாக (கோல் காப்பாளராக) இருந்தார், அணியோடு வெர்டனுக்கும் வந்தார், பிறகு 2020இல் இங்குள்ள என்எச்எல் அணியான மொன்றியல் கனேடியன்ஸுக்கே கோலியாகத் திரும்பி வந்தார். எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. பலர் இருபது வயதோடு ஹொக்கியை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள். அவர்கள் விளையாடிய ஊரில் அவர்களின் அணியே இப்போது இல்லை.

அதனால் ஹொக்கி பிடிக்காவிட்டாலும் ஒரு தடவை போய்ப் பார், பிள்ளை. ஆட்கள் வந்தால்தான் அணி அங்கே நிற்கும். அந்த மைல் வன் அரங்கின் பெயர் இப்போது மேரி பிரவுன்ஸ் சென்டர். டிசம்பரில் நான் வரும்போது ஆட்டம் இருந்தால் எனக்கும் சேர்த்து டிக்கட் எடுத்து வை.

அன்புடன்,
அப்பா