வான்கப்பலில் யாருக்கு என்ன வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணைய விளையாட்டுகள் பற்றித் தங்கள் இளைஞர் பக்கத்தில் வந்த கட்டுரை, குழு ஆட்டங்களில் வெற்றி குறிபார்த்துச் சுடுபவர் கையில்தான் என்கிறது. ‘கன்ஸ் ஆஃப் ஐகரஸ் ஆன்லைன்’ போன்ற ஆட்டத்துக்கு இது பொருந்தவே பொருந்தாது. மியூஸ் கேம்ஸ் 2012இல் வெளியிட்ட இந்த வான்கப்பல் போரில் கப்பலுக்கு 4 பேர். யாருக்கு என்ன வேலை என்று பேசி வைக்காமல் கிளம்பும் கப்பல்தான் முதலில் விழுகிறது.

பைலட், கன்னர், இன்ஜினியர் என 3 பொறுப்புகள். பீரங்கியை யார் வேண்டுமானாலும் சுடலாம். வேறுபாடு முக்கியமாகக் கையில் எடுத்துப்போகும் சாமான்களில்தான். இன்ஜினியருக்குப் பழுதுபார்க்கும் கருவி 3, தோட்டா வகை 1, பைலட் கருவி (கப்பலை ஓட்ட உதவுவது) 1. கன்னருக்குத் தோட்டா வகை 3, மற்றவை ஒவ்வொன்று. ஒரே வகைத் தோட்டா போதுமான கேட்லிங் என்ற சரவேகப் பீரங்கியை இன்ஜினியரே தாராளமாகக் கையாளலாம். இது தெரியாமல் மூன்று பேர் கன்னர் ஆகிவிட்டால், தீப்பிடித்த பலூனுக்கும் உடைந்த கவசத்துக்கும் ஆளுக்கு ஒரே கருவியோடு அல்லாட வேண்டியதுதான். புதிய குழுவுக்கு 1 பைலட், 1 கன்னர், 2 இன்ஜினியர் என்ற கணக்கே நல்லது.

பழுதுபார்ப்பதிலும் நுணுக்கம் உண்டு. ரப்பர் சுத்தியல், பழுதான பாகத்தின் வலிமையை ஓர் அடிக்கு 250 புள்ளி ஏற்றும். ஆனால் அந்தப் பாகத்தை அடுத்த 9 விநாடிக்கு வேறு யாரும் தொட்டுப் பயனில்லை. பைப் ரெஞ்சுக்கு 120 புள்ளி, 5 விநாடி. ஸ்பேனருக்கு 40 புள்ளி, 2 விநாடி. கவசத்தில் லேசான கீறல் விழுந்ததுமே கன்னர் ஓடிவந்து சுத்தியலால் தட்டிவிட்டால், எதிரியின் முழுத் தாக்குதல் வரும்போது இன்ஜினியர் கைகட்டி நிற்பார். கவசம் அடியோடு உடைந்துவிட்டால் அதை மீண்டும் எழுப்ப ஸ்பேனர்தான் வேகம், சுத்தியல் மந்தம். கவசத்துக்கு உள்ளே இருக்கும் கப்பல் உடலில் விழுந்த சேதத்தையோ எதைக்கொண்டும் சரிசெய்ய முடியாது. ஆகவே கவசத்துக்கு ஒருவரே பொறுப்பு என்று கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அதைச் சொல்ல வேண்டியவர் கேப்டன். கப்பலையும் பீரங்கிகளையும் தேர்ந்தெடுப்பவர் அவர். பெரும்பாலும் சுக்கானும் அவர் கையில்தான். பிரமிடியன் என்ற வகைக் கப்பலின் முகப்பில் கேட்லிங், வெடிகுண்டு வீசும் மோர்ட்டர் இரண்டையும் வைத்தால், கேட்லிங் கவசத்தை உரிக்கும், மோர்ட்டர் உடலை உடைக்கும். கவசம் இருக்கும்போதே மோர்ட்டரைக் காலி செய்தால், கவசம் உடையும் நேரத்தில் குண்டு ஏற்றிக்கொண்டிருக்க நேரும்; அதற்குள் எதிரி கவசத்தை எழுப்பிவிடுவார். எனவே கேட்லிங்கில் இருப்பவர் “கவசம் போச்சு” என்று கத்த வேண்டும், அதன் பிறகே மோர்ட்டர்.

பைலட் கருவிகளில், வேகத்துக்காக மண்ணெண்ணெய் ஊற்றினால் இன்ஜின்கள் கெடும், சட்டென உயர ஹைட்ரஜன் விட்டால் பலூன் கெடும். இவற்றைத் தொடும் முன் கேப்டன் இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும். அதையும் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். “யாராவது பலூனைப் பாருங்க” என்றால் இன்ஜினியர் இருவரும் ஓடுவார்கள், இல்லையேல் ஒருவரும் ஓடமாட்டார்கள்.

அடுத்த கட்டுரையில் இன்ஜினியர் வேலைக்கும் நாலு பத்தி ஒதுக்குங்கள். சுடத் தெரியாதவருக்கான இடம் என்று நினைத்துப் புதியவர்கள் அதை ஒதுக்கிவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை