மொட்டை மாடி சாருக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

வியாசர்பாடியிலிருந்து ஒரு பிளஸ் ஒன் மாணவி எழுதுகிறேன். வட்டாரக் கணித ஒலிம்பியாடு என்ற கணக்குப் போட்டித் தேர்வின் முடிவு வந்துவிட்டது. ஜனவரியில் நடக்கும் தேசியத் தேர்வுக்கு நான் தேர்வாகவில்லை. அதற்காக நன்றி சொல்வதைத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

முதலில் சார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பைசா வாங்காமல் ஒன்றரை வருடம் தன் வீட்டு மொட்டை மாடியில் எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். விடையை மட்டும் சொல்லவே மாட்டார். ஒருநாள் ஒரு கணக்கு கொடுத்தார்: 1 முதல் 100 வரையுள்ள எண்களில் எந்த 51 எண்களை எடுத்தாலும், அவற்றில் ஏதோ ஒன்று இன்னொன்றை மீதியில்லாமல் வகுக்கும். ஏன் என்று நிறுவ வேண்டும். பதினோரு நாள் திணறினேன். "வரும்மா, அவசரமில்ல" என்பார். பன்னிரண்டாம் நாள், "ஒவ்வொரு எண்ணையும் ரெண்டால வகுத்துக்கிட்டே போ, எங்க நிக்குதுன்னு பாரு" என்றார். 96, 48, 24, 12, 6, 3. ஒற்றைப்படை எண்ணில் போய் நின்றது. நூறுக்குள் ஒற்றைப்படை எண்கள் ஐம்பதுதானே! 51 எண்கள் எடுத்தால், குறைந்தது இரண்டு எண்கள் ஒரே ஒற்றைப்படை எண்ணில் வந்து நின்றாக வேண்டும். அந்த இரண்டுமே அதே ஒற்றைப்படை எண்ணை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் வருபவை; அதனால் சின்னது பெரியதை வகுத்துவிடும். நான் கத்திய கத்தலில் பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா ஓடி வந்துவிட்டார்.

தமிழ்வழியில் படிக்கிற எனக்கு, வட்டாரத் தேர்வுக்கு முன்னால் எழுதும் தகுதித் தேர்வின் 30 கேள்விகளைவிட அவற்றின் ஆங்கிலம்தான் பயம். 'ஆர்த்தோசென்டர்' என்றால் செங்கோட்டு மையம் என்று சொல் சொல்லாக ஒரு நோட்டில் எழுதிக்கொடுத்தவர், கல்லூரியில் படிக்கும் எதிர்வீட்டு அண்ணன். பழைய வினாத்தாள்களைக் காசில்லாமல் பிரதி எடுத்துத் தந்தவர் ஜெராக்ஸ் கடை அண்ணன். இருவருக்கும் நன்றி.

வட்டாரத் தேர்வன்று விடியற்காலையிலிருந்து அடைமழை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர். ஆட்டோ மாமா பெரம்பூர் பக்கமாகச் சுற்றி நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டார். பணம் நீட்டினால், "நல்லா எழுதிட்டு வா கண்ணு" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டார். ஆறு கேள்விகள், மூன்று மணி நேரம். இரண்டை முழுசாக நிறுவினேன், மாமா.

அம்மா, இரவெல்லாம் விளக்கை அணைக்கச் சொல்லாமல் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு தூங்கினாயே, உனக்கும்.

அந்தச் சொல் நோட்டு இப்போது ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது. தமிழ்வழியில் படித்து இந்தத் தேர்வை எழுத நினைக்கும் தம்பி தங்கைகள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.