பிளாஸ்டிக் ஒப்பந்தப் பேச்சில் பங்கேற்கும் இந்தியக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு, வணக்கம்.

2022 மார்ச்சில் நைரோபியில் ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை எடுத்த தீர்மானத்தின்படி தொடங்கிய பிளாஸ்டிக் மாசு ஒப்பந்தப் பேச்சு, 2024 இறுதியில் தென் கொரியாவின் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் முடிவு காணாமலே கலைந்தது. எல்லா நாடுகளும் ஒருமனதாக ஏற்றால்தான் எதையும் முடிவு செய்யலாம் என்பது அங்கே நம் நாட்டின் நிலை. அதை மறுபரிசீலனை செய்யக் கோருகிறேன்.

நாடுகள் தனித்தனியே தடை போட்டால் போதாது என்பதைக் கென்யா காட்டிவிட்டது. 2017இல் அங்கே பிளாஸ்டிக் பைகளுக்குக் கடுந்தடை வந்த பின்னும், அண்டை நாடுகளிலிருந்து பைகள் கடத்தி வரப்பட்டன. தமிழ்நாடு 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்தது. நாடு தழுவிய தடைக்கு 2022 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நாடுகளை ஒன்றாகச் செயல்பட வைக்க ஒரு முன்மாதிரி ஏற்கெனவே உண்டு. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மான்ட்ரியல் நெறிமுறையில் இந்தியா உடனே சேரவில்லை. ஓசோனை அழிக்கும் வாயுக்களுக்கு மாற்றான தொழில்நுட்பத்துக்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்று கேட்டது. 1990இல் லண்டன் மாநாட்டில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி இதை வலியுறுத்தினார். வளரும் நாடுகளின் இந்தச் செலவுக்கு உதவும் பலதரப்பு நிதியமும் அங்கேயே முடிவானது. 1992இல் நாம் இணைந்தோம். அவ்வாயுக்களில் முக்கியமான குளோரோபுளோரோகார்பன்களைக் கைவிட வளர்ந்த நாடுகளுக்கு 1996, நமக்கு 2010 என்று வெவ்வேறு கெடு இருந்தது. உறுப்பினரல்லாத நாடுகளோடு அப்பொருட்களை வணிகம் செய்யவும் தடை இருந்ததால், வெளியே நிற்பது யாருக்கும் இலாபமாகவில்லை. இன்று 198 தரப்புகளும் ஒரே திசையில் சட்டம் வைத்திருப்பதற்கு நல்லெண்ணத்தைவிட இந்தப் பணமும் கெடுவும் வணிகத் தடையுமே காரணம் என்பேன்.

அந்நெறிமுறையில் இன்னொரு விதியும் உண்டு. ஏற்கெனவே கட்டுப்பாட்டில் உள்ள பொருட்களைக் குறைக்கும் கால அட்டவணையை இறுக்கும்போது ஒருமித்த கருத்து கிட்டாவிட்டால், கடைசி வழியாக மூன்றில் இரு பங்கு வாக்கால் முடிவெடுக்கலாம். அந்த வாக்குகளில் வளரும் நாடுகளின் பெரும்பான்மையும் தனியே இருக்க வேண்டும். வாக்கெடுப்பு வரலாம் என்ற நிலையே எல்லோரையும் இணக்கத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. நமக்குப் பாதகமான முடிவு திணிக்கப்படுமோ என்ற உங்கள் அச்சத்துக்கும் அதிலேயே காப்பு இருக்கிறது.

பிளாஸ்டிக்குக்கும் தனி நிதியம் வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயம். அடுத்த அமர்வில் அக்கோரிக்கையோடு இந்த இரட்டைப் பெரும்பான்மை விதியையும் இந்தியாவே முன்மொழிய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு குடிமகன்