இரண்டாவது காயிலை மூன்றாவதில் போட்டுப் பார்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். திருநெல்வேலியில் வெயில் குறையவில்லை; புனேயில் மழை விடவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். வண்டி மிஸ் அடிக்கிற, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் குலுங்குகிற விஷயத்தையும் அவர்தான் சொன்னார். முப்பத்தைந்து வருஷம் ஷெட் வைத்திருந்தவனிடம் மகள் அதை மறைத்தாளே என்று அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. எனக்கு அவ்வளவாக வரவில்லை. ஃபோனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதனால்தான் கடிதம்.

வாயியிலிருந்து பஞ்ச்கனிக்கு ஏறும்போது வண்டி குலுங்கியது, மஞ்சள் விளக்கு மினுக்கியது, ஆனாலும் மேலே போய்ச் சேர்ந்துவிட்டோம் என்றார் மாப்பிள்ளை. அந்த 'ஆனாலும்' தான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மஞ்சள் விளக்குதான் செக் என்ஜின் லைட். அது அசையாமல் எரிந்தால் மெதுவாக ஓட்டிவந்து காட்டலாம். மினுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட வேண்டும். சிலிண்டரில் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான், அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் பூசியிருக்கும். சூடு மிஞ்சினால் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். அதை மாற்றப் போனால் நகைக்கடைக்குப் போன மாதிரிதான்.

அப்புறம் அந்த சர்வீஸ் சென்டர் கணக்கு. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் நாலு, பொறி விடும் பிளக் நாலு, பெட்ரோல் பீச்சும் இன்ஜெக்டர் நாலு, எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார்களாமே? வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் வந்தது பி0302 என்ற ஒரே கோட். பல சிலிண்டரில் மாறி மாறி மிஸ் ஆனால் பி0300 வரும். கடைசி எண் 2 என்றால் இரண்டாவது சிலிண்டர் மட்டும். மற்ற மூன்றும் என்ன பாவம் செய்தன?

சிலிண்டருக்குள் நடப்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது, கயல். கிராங்க் என்ற என்ஜின் தண்டு சுற்றுவதை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் ஒரு தள்ளு வாங்கும். எந்தச் சிலிண்டரின் முறையில் சுணங்குகிறதோ அதன் எண்ணைச் சொல்லிவிடும், அவ்வளவுதான். காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா, வால்வா என்று அது சொல்லாது. அதை ஆள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்குச் செலவே இல்லை. என்ஜின் ஆறியபின் இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடு, மூன்றாவதை இரண்டில் போடு. ஸ்கேனரில் அந்தக் கோட் எண்ணை அழித்துவிட்டு ஏற்றத்தில் கொஞ்ச நேரம் ஓட்டச் சொல். பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி, ஒன்று வாங்கினால் போதும். மறுபடி 0302 வந்தால் பிளக்கை இதே மாதிரி மாற்றிப் பார், பிறகு இன்ஜெக்டர். மூன்றும் நல்லது என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அது பெரிய வேலை, அப்போது எனக்கு ஃபோன் பண்ணு. ஒன்று மட்டும்: கோட் எண்ணை அழிக்கும் முன் அதோடு பதிவாகியிருக்கும் வேகம், என்ஜின் சுற்று (ஆர்பிஎம்), என்ஜின் சூடு எல்லாவற்றையும் படம் எடுத்து வை. அழித்தால் அதுவும் போய்விடும்.

எனக்கு என்னவோ காயில் அல்லது பிளக் என்றுதான் படுகிறது. சிக்னலில் நிற்கும்போது சரியாக இருந்து, ஏசி போட்டு மேடு ஏறும்போது மட்டும் மிஸ் ஆகிறது என்கிறாரே மாப்பிள்ளை. லோடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அதைத் தாண்டிப் பொறி பாய்வது கஷ்டம். நோஞ்சான் காயில் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். நிற்கும்போது மட்டும் உதறினால் எங்காவது காற்று உறிஞ்சுகிறதா என்று தேடச் சொல்லியிருப்பேன். காயிலைக் கழற்றும்போது பிளக் குழியில் தண்ணீர் நிற்கிறதா என்றும் பார். இந்த மழையில் யாராவது என்ஜின் மேல் தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தால் அதுவே போதும். வயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பார். பிளக் முனை பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் நல்லது. கரிபிடித்துக் கறுப்பாக இருந்தால் எரியவில்லை.

அம்பாசடர் காலத்தில் ஓடும் வண்டியில் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவோம். எதைப் பிடுங்கினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர். ஷாக் அடித்துக் கை மரத்துப்போகும். உன் வண்டியில் அந்த வேலை வேண்டாம், காயிலும் கம்ப்யூட்டரும் சேர்ந்து போய்விடும்.

நான் மட்டும் ஒழுங்கா என்ன. ஒரு டாக்டரின் வண்டிக்குப் பிளக் மாற்றினேன், வயர் மாற்றினேன், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். மூன்று தடவையும் காசு வாங்கினேன், மூன்று தடவையும் வண்டி திரும்பி வந்தது. ஒருநாள் ராத்திரி ஷெட்டில் கரண்ட் போனபோது பானட் திறந்தபடி என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் மயிரிழை விரிசல், அதன் வழியே நீலமாகப் பொறி ஓடியது. அந்த மூடி நாற்பது ரூபாய். டாக்டர் முகத்தைப் பார்க்க முடியாமல் பையனிடம் கொடுத்து அனுப்பினேன்.

அம்மா பேரனுக்கு முறுக்கு அனுப்புகிறாள். அதே பெட்டியில் 10 எம்எம் டி-ஸ்பேனரும் 16 எம்எம் பிளக் ஸ்பேனரும் வைத்திருக்கிறேன். துணியில் சுற்றித்தான் வைத்திருக்கிறேன், முறுக்கில் கிரீஸ் படாது.

அன்புடன்,
அப்பா