லைன் நாய்களுக்கும் ஊசி போட வாருங்கள்

நீலகிரி மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கூடலூர், பந்தலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லைன்களில் வளரும் நாய்களைப் பற்றி எழுதுகிறேன். வெறிநோய்த் தடுப்பூசி முகாமை ஞாயிற்றுக்கிழமையோ, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேலோ, லைனுக்கே கொண்டு வாருங்கள். இதுதான் கோரிக்கை.

லைனில் நாய் வளர்ப்பது ஆசைக்காக மட்டும் அல்ல. யானையோ கரடியோ வாசல் வரை வந்தால் முதலில் குரல் கொடுப்பது அதுதான். பகலில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பின்னாலேயே போய், சாக்குக்குப் பக்கத்தில் சுருண்டு கிடக்கும். ராத்திரி ஒரு வீட்டில் சோறு, காலையில் இன்னொரு வீட்டில் வர்க்கி. 'யார் நாய்?' என்று கேட்டால் யாரும் முன்வர மாட்டார்கள். ஆனால் சோறு போடுகிறவர் கூப்பிட்டால் வரும், அவர் பிடித்தால் நிற்கும். கழுத்தில் கயிறே பார்க்காத நாயை வேறு யாரும் தொட முடியாது. முகாம் வேலை நாளில் பகலில் நடந்தால் அந்த ஆள் மலையில் இருப்பார். பஸ்ஸில் நாயை ஏற்றிக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போவதும் நடக்கிற காரியம் இல்லை.

மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் நாய் மூலம் வருவது. ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்கு ஊசி போட்டால் பரவுவது நின்றுவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரி, அந்தக் கணக்கை டவுன் நாய்களை வைத்தே முடித்துவிட்டால், விடுபடும் 30 முழுக்க எங்கள் லைன்களில்தான் இருக்கும்.

கடிபட்ட பிள்ளைகள் பல நேரம் வீட்டில் சொல்வதே இல்லை, அடி விழும் என்று பயம். சொன்னாலும் காபித்தூளோ மஞ்சளோ வைத்து அமுக்கிவிடுகிறோம். சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. அன்றே ஒரு ஊசி, அப்புறம் 3, 7, 28ஆம் நாட்களில் ஊசி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் சம்பளம் போகும். கடைசி ஊசியை ஒரு தாய் தள்ளிப்போட்டால் அது அலட்சியம் அல்ல. வெறிநோய்ச் சிகிச்சைக்கென்று தொடங்கிய பாஸ்டியர் இன்ஸ்டிடியூட், குன்னூரில் 1907 முதல் இருக்கும் மாவட்டம் இது. இங்கே ஒரு பிள்ளைகூட இந்த நோயில் சாகக் கூடாது.

வரும்போது குடற்புழு மாத்திரையும் கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆடு அறுக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் காரணம் புரியும். சில ஆடுகளின் ஈரலில் வெள்ளையாக, அமுக்கினால் தளும்பும் நீர்க்கட்டி இருக்கும். கடைக்காரர் அந்தத் துண்டை மட்டும் அரிந்து வெளியே எறிவார். காத்திருக்கும் நாய் லபக்கென்று விழுங்கிவிடும். அந்தக் கட்டிக்குள் இருப்பது நாடாப்புழுவின் இளம் பருவம். ஒன்றரை, இரண்டு மாதத்தில் நாயின் குடலில் முட்டை போடும் புழுவாகிவிடும். முட்டைகள் மலத்தோடு வெளியேறி நாயின் ரோமத்திலும் கீரைப் பாத்தியிலும் ஒட்டும். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் சாப்பிடும் குழந்தையின் ஈரலிலோ நுரையீரலிலோ அதே நீர்க்கட்டி வளரலாம். வருடக்கணக்கில் வெளியே தெரியாது, தெரியும்போது ஆபரேஷன் வரை போகும். நாய்க்கு பிராசிகுவான்டெல் மாத்திரையை ஒரு தடவை கொடுத்தால் போதாது, திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். கழித்த ஈரலை ஆழமாகப் புதைக்கும்படி கறிக்கடைக்காரர்களிடம் நீங்கள் சொன்னால் கேட்பார்கள். நாங்கள் சொன்னால் சண்டையாகிறது.

நாய்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் தீர்ந்தது என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். ஊசி போட்ட நாய் போன இடத்துக்கு ஊசி போடாத நாய் வரும்.

முகாம் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும்போதே மேஸ்திரி அறிவித்துவிடுவார். நாயைப் பிடித்துத் தருவது எங்கள் பொறுப்பு. குட்டிகளையும் விட்டுவிடாதீர்கள். ஊசி போட்ட நாய்க்கு நெற்றியில் சாயம் தடவிவிட்டால், விடுபட்டவை எத்தனை என்று மறுநாளே எண்ணிச் சொல்லிவிடுகிறோம்.

இப்படிக்கு,
பந்தலூர்ப் பக்கத்து லைன்வாசி